கப்றிலிருந்து கிணற்றுக்கு எவ்வளவு தூரம்?

2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான இலங்கை அரச வர்த்தமானி, கொவிட்-19 தொற்றால் இறந்தவரின் உடலை 800 முதல் 1,200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், குறைந்தது 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை எரிக்க வேண்டும் என்றது. கப்றில், அதாவது புதைகுழியில், அடக்கம் செய்தால் வைரஸ் நிலத்தடி நீரில் கலந்துவிடும் என்பதே பின்னர் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட காரணம். இறந்தவரை அடக்கம் செய்யும் முஸ்லிம்கள் செறிந்து வாழும் கிழக்குக் கரையோர ஊர்களான காத்தான்குடியிலும் கல்முனையிலும் இருப்பது கடலுக்கும் வாவிக்கும் பக்கத்து மணல் நிலம். மாரியில் ஆள் மட்டத்துக்குத் தோண்டுமுன்னே தண்ணீர் ஊறும். ஆகவே கேள்வி கேட்கத் தகுந்ததுதான். விடையைத் தேடுமுன் சட்டம் எழுதியதுதான் பிழை.

தேடியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? வைரஸ் பெருக உயிருள்ள கலம் வேண்டும். கலங்கள் இறந்த பிறகு உடலில் இருப்பது மிச்சம் மட்டுமே. அதுவும் குறைந்துகொண்டே போகும். இந்த வைரஸ் ஏறத்தாழ 100 நனோமீற்றர் அளவு, மேலே மெல்லிய கொழுப்புறை. சவர்க்காரம் போட்டுக் கை கழுவச் சொன்னதே அந்த உறையைக் கரைக்கத்தான். அழுகும் உடலின் நொதியங்களும் நுண்ணுயிர்களும் அதை விட்டுவைப்பதில்லை. உறை சிதைந்தால் வைரஸ் இன்னொரு கலத்துக்குள் நுழையாது. தப்பியது எதுவும் இருந்தால் மண் துகள்களில் ஒட்டித் தேங்கும். அதையும் தாண்டிக் கிணற்றுக்கு வந்தாலும், அது பரவும் பிரதான வழி மூச்சு. குடிநீரால் கொவிட் பரவியதாக உறுதியான சம்பவம் எதுவும் பதிவாகவில்லை.

குழப்பத்துக்கு ஒரு காரணம் பி.சி.ஆர். பரிசோதனை. அது வைரஸின் ஆர்.என்.ஏ. (மரபுப்பொருள்) துண்டைத்தான் கண்டுபிடிக்கும்; அந்த வைரஸ் இன்னும் தொற்ற வல்லதா என்று சொல்லாது. கழிவு நீரில் துண்டுகள் கிடைத்தன, பல நாடுகள் அதை வைத்தே தொற்றின் ஏற்ற இறக்கத்தைக் கணித்தன. எரிந்த வீட்டின் சாம்பலைப் பார்த்து நெருப்பு இருந்தது என்று சொல்லலாம், இப்போது சுடுமா என்று சொல்ல முடியாது.

உண்மையான ஆபத்து உடலைக் கையாளும் அந்தச் சில மணித்தியாலங்களில்தான். உடலை அசைக்கையில் வாய், மூக்கு வழியே கசியும் திரவம், குளிப்பாட்டும்போது தெறிக்கும் நீர், பக்கத்தில் கூடி நிற்கும் உயிருள்ளவர்களின் மூச்சு. கையுறை, அங்கி, முகக்கவசம், கண்காப்பு அணிந்து, தொட்ட மேற்பரப்புகளை 0.1 சதவீத ஹைப்போகுளோரைட்டால் (வெளிற்றும் குளோரின் திரவத்தால்) துடைத்தால் போதும். 5 சதவீதத் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 49 பங்கு. முதலில் அழுக்கைக் கழுவாமல் ஊற்றினால் குளோரின் அழுக்கோடு வினைபுரிந்தே தீர்ந்துவிடும். பலர் தவறுவது இங்கேதான்.

உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 24இலேயே அடக்கவும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று வழிகாட்டியிருந்தது. 2021 சனவரித் தொடக்கத்தில் இலங்கை மருத்துவச் சங்கமும் அடக்கத்தை அனுமதிக்கலாம் என்றது. வர்த்தமானி மாற பெப்ரவரி 25 ஆகிவிட்டது. மார்ச் 5ஆம் திகதி மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி மஜ்மா நகரில் முதல் ஜனாஸாக்கள் (முஸ்லிம்களின் பூதவுடல்கள்) அடக்கப்பட்டன. நாடெங்கிலுமிருந்து கொண்டுவரப்பட்ட மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உடல்கள் அங்கே இருக்கின்றன. கட்டாயமாக எரித்ததற்காக 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. இத்தனை காலம் ஏன் பிடித்தது? கட்டளையோடு அதை மறுபரிசீலனை செய்யும் திகதியையும் எழுதியிருந்தால், புதிய சான்று வரும்போது யாரும் தோற்றதாகத் தோன்றாமலே மாற்றியிருக்கலாம்.

தண்ணீரைப் பற்றிய கவலைக்கு உரிய இடம் வேறு. ஹெப்பற்றைற்றிஸ் ஏ, போலியோ, ரோட்டா வைரஸ்களுக்குக் கொழுப்புறை கிடையாது. மலத்தில் வெளியேறி, ஈர மணலில் வாரக் கணக்கில் தாக்குப்பிடித்து, வாய் வழியே தொற்றும். மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து குறைந்தது 30 மீற்றர் தள்ளியும், அதன் அடி நீர்மட்டத்துக்கு 1.5 மீற்றர் மேலேயும் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவு. கரையோர ஊர்களில் மாரி தொடங்கினால் இரண்டாவது அளவு போய்விடும். முதலாவதோ, 10 பேர்ச் (சுமார் 253 சதுர மீற்றர்) சதுரக் காணியில் மூலைக்கு மூலை அளந்தாலும் 23 மீற்றர் வராது. உங்கள் குழி தள்ளியிருந்தாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றுக்கு அருகில்தான். கொதிக்கவைப்பதோ, குளோரின் இட்டு 30 நிமிடத்தின் பின்னும் லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் மிஞ்சுகிறதா என்று பார்ப்பதோதான் அங்கே வழி.