டிக்கெட்ல இருக்க டைம அப்படியே கழிச்சுப் பாக்காதீங்க

தக்கலைல 18 வருஷமா பிளைட் டிக்கெட் போட்டுக் குடுக்கேன், ஆனா நான் வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாததால ஒரு அம்மா பட்ட பாட்ட இன்னும் மறக்க முடியல. துபாய்ல இருக்க இளைய மகளுக்குப் பேறுகாலம் பாக்கப் போனாங்க, சுகர் உள்ளவங்க. மூத்தவ டிக்கெட்டப் பாத்திருக்கா, திருவனந்தபுரத்துல விடியகால 4.25க்கு எடுத்து துபாய்ல 7.15க்கு இறங்குது, கழிச்சா 2 மணி 50 நிமிஷம், அம்மா அங்க போயே சாப்பிடட்டும்னு கையில ஒண்ணும் குடுத்து விடல. சாப்பாடு இல்லாத டிக்கெட் வேற. நடுவழில கை நடுங்கி வேர்த்துக் கொட்ட, பக்கத்து சீட்டுப் பையன் பையப் பிரிச்சு முந்திரிக்கொத்து எடுத்துக் குடுத்திருக்கான்.

விஷயம் இவ்வளவுதான். டிக்கெட்ல போடுறது அந்தந்த ஊர் டைம். துபாய், மஸ்கட் எல்லாம் நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னாடி, சவுதி, குவைத், கத்தார், பஹ்ரைன்னா ரெண்டரை மணி. அப்போ துபாய்ல 7.15னா நம்ம ஊர்ல 8.45, அந்தம்மா உக்காந்திருந்தது 4 மணி 20 நிமிஷம். திரும்பி வரும்போது தலைகீழ், அங்க ராத்திரி 10க்கு ஏறி இங்க 3.40க்கு இறங்குனா 5 மணி 40 நிமிஷம் மாதிரி தெரியும், ஆனா 4 மணி 10 நிமிஷம்தான்.

காலேஜ் பையன்மாரு வேற ஒரு கணக்கு கொண்டு வருவானுவ. ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல சுமார் 2,950 கிலோமீட்டர், பிளைட் மணிக்கு 850ல போகுது, அப்போ மூணரை மணிதானே அண்ணேன்னு. வகுத்தது சரிதான். ஆனா அந்த தூரம் உருண்டை மேல நூலப் புடிச்சு அளந்த குறுக்கு வழி, பிளைட் அதே நூல்ல போகாது, வான்வழி போட்டிருக்க பாதைல வளைஞ்சு போகும், ஏறும்போதும் இறங்கும்போதும் 850 வராது, போதாததுக்கு டிக்கெட் டைம் ஓடுறது இங்க நின்ன இடத்த விட்டு நகருறதுல இருந்து அங்க போய் நிக்கது வரைக்கும்.

காத்து வேற இருக்கு. இத எனக்கு விளக்கினது கொளச்சல்ல இருந்து மகனுக்கு டிக்கெட் எடுக்க வந்த, கடலுக்குப் போற ஒரு பெரியவர். பைலட்டுக்கும் கடல் மைல் கணக்குதான், ஒண்ணு 1.852 கிலோமீட்டர்னு சொல்ல ஆரம்பிச்சேன், அவரு சிரிச்சிட்டாரு. "எங்களுக்கா மக்கா சொல்லுத? எஞ்சின் ஒரே ஓட்டம்தான் ஓடும், எதிர் நீவாடுன்னா (நீவாடுன்னா கடல் நீரோட்டம்) ஜிபிஎஸ்ல வேகம் குறையும், நீவாடு கூட வந்தா ஏறும்." அதேதான். மேல, முக்கியமா குளிர் காலத்துல, மேற்குல இருந்து கிழக்க பலமா காத்து அடிக்கும், அதனாலதான் போறதுக்கு வரதை விட கூட நேரம் ஆகுது. காத்தாடி நிக்க ஆரல்வாய்மொழில காத்துக்கு எதிரா பைக் ஓட்டுனவனுக்கு இது புரியும்.

இப்போ எந்த டிக்கெட் குடுத்தாலும் பேனாவால மேல ரெண்டு வரி எழுதிருவேன். முதல் வரி, பிளைட்ல இருக்க நேரம். ரெண்டாவது, வீட்ல இருந்து மொத்தம். நாகர்கோவில்ல இருந்து ஏர்போர்ட் 70 கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனா களியக்காவிளை, பாலராமபுரம் நெரிசலுக்கு ரெண்டு மணி நேரம் வச்சிக்கிடணும், மூணு மணி நேரம் முன்னாடி உள்ள நிக்கணும். 4.25 பிளைட்டுக்கு ராத்திரி 11 மணிக்கே வண்டி எடுக்கணும். அங்க இமிகிரேஷன் வரிசை, பெட்டி எல்லாம் முடிஞ்சு வெளிய வர பத்து மணி நேரத்துக்கு மேல ஆயிரும். சுகர் உள்ளவங்கன்னா அந்த ரெண்டாவது வரியப் பாத்து சாப்பாட்டையும் மாத்திரையையும் டாக்டர்கிட்ட கேட்டு வச்சிக்கிடுங்க, முதல் வரிய இல்ல.