பிரைவசி: தனியுரிமையா, அந்தரங்கமா?

மாதப் பரீட்சை முடிந்ததும் எங்கள் ரியூசனில் எல்லாருடைய புள்ளிகளையும் படத்தோடு வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். பெற்றோரும் இருக்கிற குழு அது. என்னுடையதை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டேன். "நல்ல புள்ளிதானே பிள்ளை, ஏன் ஒளிக்கிறாய்?" என்றார் சேர். வீட்டுக்கு வந்து "அது என்ர பிரைவசி" என்று நான் கத்த, அம்மம்மா கேட்டா: "அதுக்குத் தமிழிலை என்ன?"

சொல்லத் தெரியவில்லை. அன்றிலிருந்து தேடுகிறேன்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சொல் இலத்தீனிலிருந்து போனது. 'பிரிவாத்துஸ்' என்றால் அரச பதவி எதுவும் இல்லாத ஆள். அதற்கு அடியான வினைச்சொல்லுக்குப் பறித்தல், இல்லாமற் செய்தல் என்ற பொருளும் உண்டு. ஆங்கிலத்தில் ஒன்றை இழக்கச் செய்வதைக் குறிக்கும் 'டிப்பிரைவ்' இதே வேரில் பிறந்தது. ஆக, மூலத்தில் இது ஓர் இல்லாமையைச் சொன்ன சொல். அது உரிமையாகப் பேசப்பட வழிசெய்தவர்கள் சாமுவேல் வாரன், லூயிஸ் பிராண்டைஸ் என்ற இரண்டு அமெரிக்கச் சட்டத்தரணிகள். உடனுக்குடன் படமெடுக்கும் கமராவும் வம்பு எழுதும் பத்திரிகைகளும் வீட்டுக்குள் நுழைகின்றன என்று 1890 இல் ஹார்வர்ட் சட்ட இதழில் கட்டுரை எழுதினார்கள். அவர்கள் முன்வைத்த உரிமையை யாழ்ப்பாணத்துப் பேச்சில் மூன்று சொல்லில் சொல்லலாம்: "என்ர பாட்டிலை விடுங்கோ."

போனின் மொழியைத் தமிழுக்கு மாற்றினால் வருவது 'தனியுரிமை'. தனி, உரிமை இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். ஆனால் நான் உயர்தர வர்த்தகப் பிரிவு. எங்கள் பொருளியலில் நிறைபோட்டி, சில்லுரிமை, தனியுரிமை என்று சந்தை வகைகள் வரும். அங்கே தனியுரிமை என்றால் சந்தை முழுவதையும் ஒரே நிறுவனம் வைத்திருப்பது. 'எமது தனியுரிமைக் கொள்கை' என்று ஒரு பெரிய நிறுவனம் எழுதினால், பொருளியல் படிக்கும் பிள்ளைக்கு அது முற்றிலும் வேறு அர்த்தம் தரும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிரைவசி என்பது முதலில் ஒரு நிலை, பிறகுதான் உரிமை. சொல்லுக்குள்ளேயே உரிமையை வைத்துவிட்டால் 'தனியுரிமைக்கான உரிமை' என்று இரண்டு தடவை எழுத வேண்டி வரும். எங்கள் நாட்டில் அந்த உரிமையே இன்னும் சரியாக எழுதப்படவில்லை. இந்தியாவில் 2017 இல் 9 நீதிபதிகள் கூடி அது அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் அப்படி ஒன்று தனியாக இல்லை. 2015 இல் தகவல் அறியும் உரிமை சேர்க்கப்பட்டபோது, தகவலை மறுக்கக்கூடிய காரணங்களில் ஒன்றாக மட்டும் அது உள்ளே வந்தது. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது தரவைப் பற்றிய சட்டம். மனிதரின் அடிப்படை உரிமையாக எழுதுவது வேறு.

நான் தேர்ந்தெடுத்த சொல் அந்தரங்கம். வடமொழியில் அந்தர் என்றால் உள்ளே, அங்கம் என்றால் உறுப்பு. இதற்கு எதிர்ச்சொல்லும் எங்களிடம் உயிரோடு இருக்கிறது: பகிரங்கம். "பகிரங்கமா மன்னிப்புக் கேள்" என்று சந்தியில் நின்று சண்டை பிடிப்பவரும் சொல்வார். அதன் சோடியைத்தான் நாங்கள் கைவிட்டுவிட்டோம். கிசுகிசுப் பத்திரிகைகள் அதைப் படுக்கையறைச் சொல்லாக்கிவிட்டன. வகுப்பில் நான் சொன்னபோதும் கடைசி வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் மனச் சுத்தத்துக்கு 'அந்தரங்க சுத்தி' என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நெருங்கிய நம்பிக்கைக்குரியவரை 'அந்தரங்கமானவர்' என்கிறோம். எனக்கு இந்தச் சொல் பிடித்தது இந்த இரண்டாவது பொருளால்தான். தனியுரிமையில் ஒரு ஆள் தனியே நிற்கிறார். அந்தரங்கத்துக்குள் நான் நம்பும் ஆட்களும் இருக்கலாம். ஐந்து சிநேகிதிகள் இருக்கும் எங்கள் குழு ஐந்து பேருக்குரியது, ஆனாலும் அந்தரங்கமானது.

எங்கள் கிடுகு வேலிகளும் அப்படித்தான் இருந்தன. தெருவுக்கு மறைப்பு, ஆனால் பக்கத்து வீட்டுக்குப் போக ஒரு பொட்டு, அதாவது ஆள் நுழையும் இடைவெளி. கறிக்கிண்ணம் போய்வந்த அந்தப் பொட்டால் யார் வரலாம் என்று இரண்டு வீட்டுக்கும் தெரியும். பழைய இலக்கியத்திலும் இந்த உணர்வு உண்டு. அகப்பாட்டில் காதலர் பெயரைச் சுட்டக்கூடாது என்கிறது தொல்காப்பியம். புறத்தில் அரசன் பெயரும் ஊரும் வரும். அகத்தில் வருபவன் வெறும் தலைவன், வெறும் தலைவி. காதல் ஊரறியப் பாடப்படுகிறது, காதலித்த ஆள் மறைந்திருக்கிறார். தரவிலிருந்து பெயரை நீக்குவதைப் பற்றி இன்று பேசுகிறவர்கள் இதை ஒருதரம் நினைக்கவேண்டும்.

"மடியிலை கனம் இருந்தாத்தானே பிள்ளை வழியிலை பயம்" என்பா அம்மம்மா. அவவோடு நான் முரண்படுவது இந்த இடத்தில்தான். 2011 இல் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படையினர் வீடு வீடாகக் குடும்ப விவரமும் படமும் எடுத்தார்கள். தமிழ்ப் பாராளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் போன பிறகு, அதை நிறுத்துவதாகச் சட்டமா அதிபர் தரப்பு உறுதி கொடுத்தது. எனக்கு நினைவு தெரியாத வயது. ஆனால் பதியப்பட்ட எல்லார் மடியிலும் கனம் இருக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பட்டியல் யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான் பயம்.

அவுஸ்திரேலியாவில் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாத சட்டம் 2025 டிசம்பர் 10 இல் நடைமுறைக்கு வந்தது. எங்களிலும் சின்னப் பிள்ளைகளைப் பாதுகாக்கும் நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் வயதைக் கணிக்க முகத்தைக் கமராவுக்குக் காட்டச் சொல்வதும் அதற்கான வழிகளில் ஒன்று. சின்னவர்களைக் காக்கப் பெரியவர்களின் முகமும் கேட்கப்படுகிறது. எங்கள் நாட்டிலும் முகமும் கைரேகையும் சேர்த்த டிஜிட்டல் அடையாள அட்டை வரப்போகிறது. அது வருமுன் எங்கள் வீடுகளில் இந்தச் சொல் புழங்கவேண்டும் என்று விரும்புகிறேன். பெயர் இல்லாத ஒன்றைக் கேட்டு வாங்குவது கடினம்.

சட்டப் பத்திரத்தில் தனியுரிமை இருக்கட்டும், அதைப் பிடுங்க நான் வரவில்லை. சேருக்கு நேற்று எழுதிய செய்தியில் இப்படிப் போட்டேன்: "என் புள்ளி உங்களுக்கும் எனக்கும் அம்மாவுக்கும் இடையில் அந்தரங்கம். பகிரங்கமாகப் போட முதல் தயவுசெய்து கேளுங்கோ." பார்த்துவிட்டார், நீலக்கோடு விழுந்திருக்கிறது. அடுத்த பரீட்சை வருகிற சனிக்கிழமை.