இடது கைக்கு இடஞ்சுழி

“மாமா, இடது பக்கம்தான் இழுத்தேன், அது வலது பக்கம் போகுது!”

போன ஆடியில், நாகமலைப் பக்கம் காய்ந்து கிடந்த ஒரு கண்மாய்க்குள் என் அக்கா மகன் போட்ட சத்தம் இது. சொல்லி முடிப்பதற்குள் பட்டம் தலைகுப்புற வந்து கரம்பையில் குத்தி நின்றது. அவன் கையில் தப்பே இல்லை. இரட்டை நூல் பட்டம் பழகுகிற எல்லோரும் தடுமாறுகிற இடம் அதுதான்.

இந்தப் பட்டம் முக்கோணமாக, பறவை இறக்கையை விரித்த மாதிரி இருக்கும். நைலான் துணி, கார்பன் அல்லது கண்ணாடியிழைக் குச்சி, ஒவ்வொரு கைக்கும் ஒரு நூல். இரண்டாம் உலகப் போரின்போது பால் கார்பர் என்பவர் அமெரிக்கக் கடற்படைக்கு இரட்டை நூலில் திருப்பக்கூடிய பட்டம் ஒன்றைச் செய்தார். பீரங்கி வீரர்கள் அதைக் குறிவைத்துச் சுட்டுப் பழகினார்கள். 1970களில் இங்கிலாந்தின் பீட்டர் பவல் விற்ற பட்டங்களால் இது பொழுதுபோக்காகப் பரவியது.

திரும்புவது எப்படி? மாட்டுவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இடது மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்தால் அது தயங்கும், வலது மாடு முந்தும், வண்டி இடப்பக்கம் ஒடியும். பட்டமும் அப்படித்தான்: இடது இறக்கை உங்களை நோக்கி இழுபட்டதும் பட்டம் சாய்ந்து, மூக்கு இடப்பக்கம் சுழலும்.

மூக்கு வானத்தைப் பார்க்கும்வரை குழப்பமில்லை. பட்டம் தலைகீழாக இறங்கும்போது, அதன் இடது இறக்கை உங்கள் கண்ணுக்கு வலப்பக்கம் இருக்கும். இப்போது இடது நூலை இழுத்தால் பட்டம் வலப்பக்கம்தான் போகும். அதனால் பக்கத்தை மறந்துவிட்டுச் சுழற்சியை மட்டும் நினைக்கச் சொன்னேன். இடது கை இழுத்தால் எப்போதும் இடஞ்சுழி, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. வலது கை இழுத்தால் வலஞ்சுழி. அப்புறம் அரை மணி நேரத்தில் அவன் வட்டம் போட ஆரம்பித்துவிட்டான். வட்டம் போட்டால் நூல்கள் முறுக்கிக்கொள்ளுமே என்று பயப்பட வேண்டாம். இதற்கென விற்கிற வழுவழுப்பான நூல் நாலைந்து முறுக்கிலும் வழுக்கிக்கொண்டு வேலை செய்யும். எதிர்ச்சுற்று சுற்றினால் முறுக்கு பிரிந்துவிடும்.

அடுத்தது, இழுவை. காற்றே இல்லாத நாளிலும் சைக்கிளை வேகமாக மிதித்தால் முகத்தில் காற்றடிக்கும் இல்லையா? காற்றுக்குக் குறுக்கே ஓடுகிற பட்டமும் இப்படித் தனக்கான காற்றைத் தானே கூட்டிக்கொள்கிறது. அதன் மேல் படுகிற காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அந்த மத்தியான வேகத்தில் புதிதாகப் பழகக் கூடாது. மணிக்கு 10 முதல் 20 கிலோமீட்டர் போதும், காலையில் கிளம்புங்கள். நம் பக்கம் ஆடியில் காற்று பெரும்பாலும் மேற்கே இருந்து வரும். மலையோ கட்டடமோ மறைத்தால் அதன் பின்னால் காற்று கிழிந்து சுழலும்; மேற்கே வெட்டவெளியான இடமாகப் பாருங்கள். மின்கம்பி பக்கத்தில் இருக்கவே கூடாது. மாஞ்சா வேண்டவே வேண்டாம். வேகமாக ஓடுகிற வெறும் நூலே தோலை அறுக்கும், பட்டத்துக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது.

நூல் இரண்டும் 25 மீட்டர் என்றால் 25 மீட்டர்தான், விரல்கடை கூடக் குறையக் கூடாது. குறைந்தால் பட்டம் ஒரு பக்கமே சுற்றும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, இரு கைகளையும் சேர்த்து இழுத்தபடி இரண்டடி பின்வாங்குங்கள், எழும்பிவிடும். தரையில் மோதப் போகிறது என்றால் இழுக்கத்தான் கை துடிக்கும். இழுக்காமல் பட்டத்தை நோக்கி ஓடுங்கள். நூல் தளர்ந்ததும் வேகம் செத்துவிடும். இது தெரியாமல் நான் முதல் வாரத்திலேயே இரண்டு குச்சிகளை ஒடித்தேன்.

உங்களுக்கு முன்னால், பெரிய பந்தை நான்காக வெட்டிய ஒரு துண்டு நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பட்டம் பறப்பது அதன் வளைந்த பரப்பில்தான். நடுவில் இழுவை அதிகம், ஓரத்தில் சொற்பம். இறக்குவதற்கு அந்த ஓரம்தான் வசதி. தரையை ஒட்டி ஓரத்துக்கு ஓட்டிப் போய், மூக்கை மேலே திருப்பி, ஓரடி முன்னால் வைத்தால் கரம்பை மேல் கொக்கு இறங்குகிற மாதிரி உட்காரும்.