வீட்டிலேயே என்ஜின் மாற்றலாம், சி.ஆர். புத்தகத்தையும் மாற்ற வேண்டும்

எங்கள் லயத்து இஸ்தோப்பில் போன மாதம் ஒரு என்ஜினை இறக்கினோம். மச்சானின் 200 சீசீ பைக். தலவாக்கலையிலிருந்து அறுகம்பை வரை போய் வந்த வண்டி, இறம்பொடை ஏற்றத்தில் கிராங்க் போய் நின்றுவிட்டது. உரச்சாக்கை விரித்து, ஒயிலை வடித்து, செயினைக் கழற்றி, மூன்று பேர் பிடித்து இறக்கினோம். கொழும்பில் வாங்கிய ரீகண்டிஷன் என்ஜினை ஏற்றுவதற்கு முன் அதன் அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். கருத்த கிரீசுக்கு அடியில் எழுத்தும் இலக்கமுமாக ஒரு வரி தெரிந்தது. அதுதான் என்ஜின் நம்பர். பில்லை எடுத்துப் பார்த்தால், "என்ஜின் 1" என்று மட்டும் இருந்தது. அந்த வரியைப் பில்லில் எழுதி வாங்க மச்சான் திரும்பவும் கொழும்புக்குப் போக வேண்டியதாயிற்று.

சொந்த பைக்கின் என்ஜினை வீட்டில் வைத்து மாற்றுவது குற்றமில்லை. ஆனால் பதிவுச் சான்றிதழில், அதாவது நாம் சொல்லும் சி.ஆர். புத்தகத்தில், செஸி நம்பரோடு என்ஜின் நம்பரும் சீசீயும் பதியப்பட்டிருக்கின்றன. பதிவில் உள்ள விபரம் மாறினால் உரிமையாளர் அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்துத் திருத்த வேண்டும். இது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் நம்மேல் வைத்திருக்கும் பொறுப்பு.

எல்லா வேலைக்கும் இது தேவையா? இல்லை. பெரும்பாலான பைக்குகளில் நம்பர் குத்தப்பட்டிருப்பது கிராங்க் கேஸில், அதாவது கிராங்கைச் சுற்றியுள்ள கூட்டில். அதே கேஸை வைத்துக்கொண்டு பிஸ்டன், புளொக், ஹெட், கிராங்க் மாற்றினால், சீசீ மாறாத வரைக்கும் புத்தகத்தில் எதுவும் மாறாது. கேஸ் நல்லதாக இருந்தால் இந்த வழியைத்தான் நான் சொல்வேன். செலவும் குறையும், அலைச்சலும் இல்லை. கேஸ் வெடித்து வேறு கேஸ் போட்டால் நம்பரும் வேறாகிவிடும். அப்போது சிலர், "பழைய நம்பரையே குத்தித் தருகிறேன்" என்பார்கள். தயவுசெய்து சம்மதிக்க வேண்டாம். நம்பரை அராவுவதும் திருப்பிக் குத்துவதும் குற்றம். அப்படிப்பட்ட வண்டி பொலிஸ் சோதனையில் திருட்டு வண்டியாகத்தான் பார்க்கப்படும்.

அப்புறம், காசு கொடுப்பதற்கு முன் என்ஜின் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்ததென்றால் சுங்கப் பத்திரத்தின் பிரதி வேண்டும். உள்ளூரில் உடைத்த பைக்கின் என்ஜின் என்றால் அந்த பைக்கின் சி.ஆர். விபரமும் விற்றவரின் கையெழுத்தும் வேண்டும். எதுவாக இருந்தாலும் பில்லில் என்ஜின் நம்பர் இருந்தே ஆக வேண்டும். நம்பரின் மேல் வெள்ளைத் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் அச்சு அப்படியே விழும். பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

நம் பக்கத்தில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது ஓப்பன் பேப்பரில்தான். பைக் கை மாறி மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும், புத்தகத்தில் இன்னும் முதல் ஆளின் பெயரே இருக்கும். என்ஜின் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் பதிவு செய்த உரிமையாளர். ஆகவே முதலில் பெயரை மாற்றுங்கள். லீசிங் முடியாத வண்டியில் கம்பனிதான் முழு உரிமையாளர், அவர்களுடைய எழுத்து மூலச் சம்மதமும் தேவை.

திணைக்களத்தின் தலைமையகம் நாரஹேன்பிட்டியில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவதற்கு முன் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்ட அலுவலகம் ஒன்றில் எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம், வாகனப் பரிசோதகர் எந்த நாளில் பார்ப்பார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பெயர் போட முடியாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகிறது, வெறுங்கையோடு திரும்பக் கூடாது. சிங்களம் வராது என்று தயங்கவும் வேண்டாம். தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது.

பெரிய என்ஜின் ஏற்றுபவர்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் புரட்டிப் பாருங்கள். ஏ1 வகுப்பு 100 சீசீ வரைக்கும்தான். 90 சீசீ பைக்கில் 125 என்ஜின் ஏறினால் ஏ வகுப்பு வேண்டும். இன்சூரன்ஸ் கம்பனிக்கும் புது நம்பரையும் சீசீயையும் அறிவியுங்கள். விபத்து நடந்த பிறகு நம்பர் பொருந்தவில்லை என்றால் இழப்பீடு இழுபறியாகும்.

கடைசியாக, வாகன வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கக் கேட்கும் புகைப் பரிசோதனை. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், காற்று அடர்த்தி குறைவு. காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேட்டரைக் கொழும்பில் டியூன் பண்ணியிருந்தால் அது இங்கே பெற்றோலைக் கூடுதலாகக் குடிக்கும். அதனால் காபன் மொனொக்சைட்டு அளவு ஏறி, நல்ல என்ஜின்கூடத் தோற்கலாம். மச்சானின் பைக்கிலும் பிளக் கரி பிடித்துக் கறுத்திருந்தது. மிக்ஷர் ஸ்குரூவைச் சரிசெய்து, என்ஜினை நன்றாகச் சூடாக்கிக் கொண்டுபோன பிறகுதான் பாஸானது.