சிபாப் மெஷின் வாங்கும் முன்: அரசாங்க மருத்துவ உதவி நிதி

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் மெஷின் போட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், பல குடும்பங்கள் அங்கே இங்கே புரட்டி உடனே அதை வாங்கிவிடுகின்றன. பிறகு பில்லை நீட்டி உதவி கேட்டால் கிடைப்பது கஷ்டம். தாபோங் பந்துவான் பெருபாத்தான் என்கிற மலேசிய அரசாங்க மருத்துவ உதவி நிதிக்கு முதலில் விண்ணப்பம், அங்கீகாரம் வந்த பிறகுதான் மெஷின்.

தொடக்கம் உங்கள் வட்டாரத்து அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தான். குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. பலத்த குறட்டை, காலையில் தலைவலி, சிக்னலில் நிற்கும்போதே கண் சொருகுவது என எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். லைசன்ஸ் போய்விடுமோ என்று லோரி ஓட்டுநர்கள் இதை அமுக்கிவிடுகிறார்கள். சிகிச்சை இல்லாமல் ஸ்டீயரிங்கில் தூங்குவதுதான் பெரிய ஆபத்து. அங்கே கொடுக்கும் லெட்டரோடு கோலாலம்பூர் மருத்துவமனைக்கோ பினாங்கு மருத்துவமனைக்கோ போனால், நிபுணரைப் பார்க்க 5 வெள்ளி. தூக்கப் பரிசோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அதனால் வாகனம் ஓட்டுவது உங்கள் தொழில் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ 30க்கு மேல் உள்ளவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். நெஞ்சிலும் வயிற்றிலும் சேர்ந்த கொழுப்பு நுரையீரலை முழுதாக விரிய விடாது. மூச்சு விடச் சொல்லும் மூளையின் தூண்டுதலும் மந்தமாகும். இப்படிச் சிலருக்குப் பகலிலும் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு தேங்கிவிடும். இதைச் சோதிக்க வேண்டுமா என்றுதான் கேட்க வேண்டும். மணிக்கட்டு ரத்தக்குழாயில் ஊசி போட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள், சுருக்கென்று வலிக்கும். கார்பன் டை ஆக்சைடு அளவு 45 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு (mmHg) மேல் இருந்தால், ஒரே அழுத்தத்தில் காற்றைத் தள்ளும் சிபாப் சிலருக்குப் போதாது. உள்ளிழுக்க ஓர் அழுத்தம், வெளிவிட ஓர் அழுத்தம் என மாற்றித் தரும் பைபாப் தேவைப்படும். விலையும் கூடுதல். தவறான மெஷினுக்கு விண்ணப்பித்தால் எல்லாவற்றையும் திரும்பத் தொடங்க வேண்டிவரும். ஆக்சிஜன் மட்டும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இவர்களுக்கு அது மட்டும் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு இன்னும் ஏறலாம்.

மெஷின் எது என்று முடிவானதும் அதே மருத்துவமனையில் உள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். கேட்காவிட்டால் இந்தக் கதவு இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. அங்குள்ள அதிகாரி குடும்ப வருமானம், வாடகை, கடன், படிக்கும் பிள்ளைகள் எல்லாவற்றையும் விசாரிப்பார். கௌரவம் பார்த்து வருமானத்தைக் கூட்டிச் சொல்லாதீர்கள். வீட்டில் உள்ளவர்களின் அடையாள அட்டை நகல், சம்பள சிலிப், வங்கிக் கணக்கு விவரம், பில்கள் ஆகியவற்றை ஒரே ஃபைலில் கொண்டு போங்கள். டாக்டரின் அறிக்கையும் மெஷினுக்கான கொட்டேஷனும் அதோடு சேரும். வசதியைப் பொறுத்து முழுச் செலவோ ஒரு பகுதியோ கிடைக்கலாம்.

நீங்கள் எஸ்டிஆர் என்கிற அரசாங்க ரொக்க உதவி பெறுபவர், வயது 40 அல்லது அதற்கு மேல் என்றால், குறைந்த வருமானத்தினருக்கான பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தையும் அதே அதிகாரியிடம் கேளுங்கள். அதிலும் மருத்துவக் கருவி உதவி உண்டு, உச்சவரம்பு 20,000 வெள்ளி. உங்களுக்கு எது பொருந்தும் என்பதைப் பார்த்து மருத்துவமனையே விண்ணப்பிக்கும்.

மாஸ்க், குழாய், ஃபில்டர் எல்லாம் தேயும். அவற்றை மாற்றும் செலவு யாருடையது என்று மெஷினைக் கையில் வாங்கும் நாளிலேயே கேட்டுவிடுங்கள். எத்தனை மணி நேரம் போட்டீர்கள் என்பது மெஷினிலேயே பதிவாகும், இரவுக்கு 4 மணி நேரமாவது போட வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அடுத்த அப்பாயிண்ட்மெண்டுக்குப் போகும்போது மெஷினையும் எடுத்துப் போங்கள்.