லாரியில் ஏறும் முன் பையைப் பாருங்கள்

1998-ல் மருத்துவக் கழிவு விதிகள் வந்தபோது பத்துப் படுக்கை நர்சிங் ஹோம் எரிசூளைக்கு எங்கே போகும்? இந்திய மருத்துவச் சங்கத்தின் கேரளக் கிளை ஒரு வழி கண்டது. ஆளுக்கொரு சூளை வேண்டாம் என்று, ‘இமேஜ்’ என்ற பெயரில் பாலக்காடு கஞ்சிக்கோடு அருகே பொது நிலையம் அமைத்தது. 2003 டிசம்பரில் அது இயங்கத் தொடங்கியது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பல ஆண்டுகள் மாநிலம் முழுவதற்கும் அது ஒன்றே. இத்தகைய நிலையத்துக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த சுற்றளவு 75 கி.மீ.; அதற்குள் 10,000 படுக்கை தேறாவிட்டால் 150. திருவனந்தபுரம் அதையும் தாண்டிய தூரம். தூரம் கூடினால் செலவு கூடும், குறுக்குவழிக்காரர்களுக்கு வேலை கிடைக்கும். 2024 டிசம்பரில் திருநெல்வேலி நடுக்கல்லூர் பக்கம் கொட்டப்பட்ட கேரளக் கழிவைப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னபின் லாரிகளில் திருப்பி அள்ளிப் போனார்கள்.

கேரள எல்லையிலுள்ள வாளையாறு செக்போஸ்ட் லாரியைத்தான் பார்க்கும். கழிவுப் பையைக் கட்டுவது பாலக்காடு பக்கத்துச் சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் நாம்தான்.

கழிவை நிறவாரியாகப் பிரித்துப் போடுவதில் அதிகம் தவறுவது மஞ்சள் பையும் சிவப்புப் பையும். ரத்தம் பட்ட பஞ்சு, கட்டுத்துணி, நஞ்சுக்கொடி ஆகியவை மஞ்சள் பைக்கு. அது சூளைக்குப் போகும். ட்ரிப் செட், கதீட்டர், கையுறை, ஊசி நீக்கிய சிரிஞ்ச் ஆகியவை சிவப்புக்கு. அவற்றை 121 டிகிரியில், 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், 60 நிமிடம் ஆட்டோகிளேவ் செய்து, அதாவது நீராவியில் கிருமி நீக்கி, துண்டாக்குவார்கள். பிவிசி குழாயை மஞ்சளில் போட்டால் அதிலுள்ள குளோரின் சூளையில் டயாக்சின் என்ற நச்சுக்கு வழிவகுக்கும். நாற்றத்துக்காக மஞ்சள் பையில் பிளீச்சிங் பவுடர் தூவுவதும் அதே தப்புத்தான், அதிலும் குளோரின் உண்டு; செய்பவர்களோ சுத்தம் என்று நினைத்துச் செய்கிறார்கள்.

ஊசி, பிளேடு எல்லாம் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில். கண்ணாடிக் குப்பி நீலப் பெட்டியில். சிவப்புப் பையில் ஒரே ஒரு ஊசி தவறி விழுந்தாலும் அதைத் தூக்குபவர் கைக்குத்தான் ஆபத்து. அவருக்கு ஹெபடைட்டிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி போடுவது நிர்வாகத்தின் கடமை. குழாயையும் சிரிஞ்சையும் வெட்டியே போடுங்கள், முழுசாகப் போனால் கழுவித் திரும்பி விற்பனைக்கு வரலாம்.

பையை முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், கழுத்தில் முடிச்சு நிற்காது. சதையும் ரத்தம் பட்ட கட்டுத்துணியும் 48 மணி நேரத்துக்கு மேல் தங்கக்கூடாது. வண்டி வராவிட்டால் காரணத்தை எழுதி மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பார்கோடு ஒட்டி, எடை பார்த்து, நிறவாரியாகப் பதியுங்கள். ஜூன் 30-க்குள் தரவேண்டிய ஆண்டறிக்கைக்கு அந்தக் கணக்குத்தான் ஆதாரம். டீ கப்பும் பார்சல் பொட்டலமும் மஞ்சளில் விழுந்தால் அந்த எடையும் உங்கள் கணக்கில்தான் ஏறும்.