மாலை போட்ட மறுநாள் ஏன் வலிப்பு வருகிறது?

கார்த்திகை பிறந்தால் மனநலப் பிரிவில் வேலை செய்யும் எங்களுக்கு இது பழகிய காட்சி. கழுத்தில் துளசி மாலை, இடுப்பில் கறுப்பு வேட்டி, நிற்காமல் உதறும் கைகள். தினமும் இரண்டு குவார்ட்டர் குடித்தவர், மாலை போட்ட அன்றே சுத்தமாக நிறுத்தியிருப்பார். அன்றிரவே நடுக்கமும் வியர்வையும். மறுநாள் வலிப்பு. மூன்றாம் நாள் ராத்திரி, போர்வையில் இல்லாத பூச்சியை ஒவ்வொன்றாகக் கிள்ளித் தரையில் போட்டுக்கொண்டிருப்பார். கொத்தனாராக இருந்தால் கையில் கரண்டி இருப்பதுபோல வார்டுச் சுவரைப் பூசிக்கொண்டிருப்பார். "சாமி குத்தம் ஆயிடுச்சோ டாக்டர்?" என்று மனைவி அழுவார்.

சாமி குத்தம் எதுவும் இல்லை. 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கால் டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டபோது, விரதமே இருக்காத பலருக்கும் இதேதான் நடந்தது.

மூளையை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. தூண்டிவிடும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. வருடக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை இதற்கு ஈடுகொடுக்கத் தன் தூண்டும் பக்கத்தைப் பலப்படுத்திக்கொண்டே வரும். ஒருவர் வெளியிலிருந்து கதவைத் தள்ள, உள்ளே இருப்பவர் முழு பலத்தோடு முட்டுக்கொடுக்கிறார் என்று வையுங்கள். தள்ளுபவர் சட்டென்று விலகினால் உள்ளே இருப்பவர் குப்புற விழுவார். அந்த விழுகைதான் நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும்.

இது வெறும் ஊகம் இல்லை. எம்.ஆர்.ஐ. இயந்திரத்திலேயே, படத்துக்குப் பதிலாக மூளையின் வேதிப்பொருள்களை அளக்கும் முறை ஒன்று உண்டு. ஜெர்மனியின் மான்ஹைமில் ஆய்வாளர்கள் குடியை அப்போதுதான் நிறுத்தியவர்களை இப்படி அளந்து, 2012-ல் முடிவை வெளியிட்டார்கள். மூளையின் முன்பகுதியில் குளூட்டமேட் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. இரண்டு வாரத்தில் அது இயல்புக்குத் திரும்பியது. முதல் வாரத்தை மருந்தோடு கடக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். அந்த நாட்களில் வைராக்கியம் எவ்வளவு இருந்தாலும் குளூட்டமேட்டைக் குறைக்காது.

"அப்போ இவருக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடலாமா?" என்று உடனே கேட்பார்கள். குடிநோயைக் கண்டுபிடிக்க ஸ்கேன் தேவையில்லை. நீங்கள் சொல்லும் விவரமே போதும். ஆனால் தலையில் அடிபட்டிருந்தால், குழப்பம் தெளியாமல் நீடித்தால், முதல்முறையாக வலிப்பு வந்திருந்தால் சிடி எடுத்தே ஆகவேண்டும். நீண்ட நாள் குடியில் மூளை சுருங்குவதால், மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே உள்ள மெல்லிய இரத்தக் குழாய்கள் இழுபட்டு நிற்கும். வாசற்படியில் தடுக்கி விழுந்தாலே கசியலாம். போதை என்று நினைத்து வீட்டிலேயே படுக்க வைத்து, உள்ளே இரத்தம் கட்டிய பிறகு தூக்கிவருவதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது.

இன்னொன்று குளுக்கோஸ். சோர்ந்து கிடப்பவருக்கு ஒரு பாட்டில் ஏற்றினால் தெம்பு வரும் என்று நம்புகிறார்கள். குடிப்பவர்களுக்குத் தயமின் என்ற பி1 வைட்டமின் பெரும்பாலும் வற்றியிருக்கும். அதை ஊசியில் கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் இருக்கிற கொஞ்சமும் தீர்ந்து, மூளையின் தலாமஸ் பகுதியும் நினைவுக்கு உதவும் பகுதிகளும் பாழாகலாம். பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், ஆள் குழம்புவார். எம்.ஆர்.ஐ.யில் சிலருக்கு அந்தப் பாதிப்பு வெள்ளையாகத் தெரியும், பலருக்குத் தெரியாது. படம் சுத்தமாக இருக்கிறது என்று பி1 ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

சரி, நடுக்கம் நின்று வீட்டுக்குப் போனபின்? "குடியை விட்டும் சிரிக்கவே மாட்டேங்கறார் டாக்டர்" என்று வருத்தப்படுவார்கள். மூளை ஆய்வாளர் நோரா வோல்கோவின் குழு அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் பெட் ஸ்கேன் மூலம் 1996-ல் காட்டியது இதைப் புரிந்துகொள்ள உதவும். குடிநோயாளிகளின் மூளையில், இன்ப உணர்வுக்கு உதவும் டோபமைன் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் டி2 ஏற்பிகள் குறைவாக இருந்தன. பிள்ளையின் மழலையோ நல்ல சாப்பாடோ சில மாதங்களுக்கு அவருக்குப் பெரிதாக ருசிக்காமல் போகலாம். அந்த நேரத்தில் "இதுக்குக் குடிச்சபோதே தேவலை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மூளை தேறவும் செய்கிறது. குடியை நிறுத்தித் தேறிவந்த சிலருக்கு மூளைச் சுருக்கம் ஓரளவு குறைந்திருந்ததை, 1978-லேயே டொரோண்டோ மருத்துவர்கள் சிடி படங்களில் கண்டார்கள். பின்னால் வந்த எம்.ஆர்.ஐ. ஆய்வுகளும் அதை உறுதிப்படுத்தின.

அதனால் ஒரு வேண்டுகோள். தினமும் குடிப்பவர், காலையில் கை நடுங்குபவர், முன்பே வலிப்பு வந்தவர் என்றால், மாலை போடுவதற்குப் பத்து நாள் முன்பே மருத்துவரிடம் வாருங்கள். மருந்தோடு நிறுத்தி, உடம்பு தெளிந்தபின் நிம்மதியாக மாலை போட்டுக்கொள்ளலாம். மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கி நீங்களே கொடுக்காதீர்கள். கல்லீரல் கெட்டவருக்கு மருந்தும் அளவும் வேறு. யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே கேட்கலாம். ஏற்கெனவே நிறுத்தி, வலிப்போ பிதற்றலோ தொடங்கிவிட்டதா? விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை வந்ததும் முதலில் சொல்லுங்கள்.